மாமா கேட்ட துண்டு

படிக்கட்டைக் கண்டால் கைப்பிடி எங்கே என்று கண் தேடுகிற வயது நமக்கு வந்துவிட்டது. இன்னும் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். தொண்ணூறுகளில் பாவாடையும் டிராயரும் போட்டுத் திரிந்த கூட்டம்தானே நாமெல்லாம். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, வெள்ளியங்கிரி மலையை இரண்டு தடவை ஏறியவள் நான் என்று சொன்னால் என் மகளே சிரிக்கிறாள். முதல் தடவை எட்டு வயதில். ஏழு மலையும் ஏறினேன், ஏழாவதில் பாதித் தூரம் அப்பாவின் முதுகில். இரண்டாம் தடவை ஒன்பது வயதில். அப்போது ஆறாவது மலையோடு திரும்பிவிட்டோம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீடு துடியலூரில் இருந்தது. வீட்டை ஒட்டியே அப்பாவின் லேத் பட்டறை. அடுத்த வீடு பெரியப்பாவுடையது. எனக்கு நாலு வயதிருக்கும்போது அம்மா இறந்துவிட்டாள். என்னை வளர்த்தது அப்பாவின் தங்கை, என் அத்தை. தலை பின்னிவிடுவது, பென்சில் சீவித் தருவது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்வது எல்லாம் அவள்தான். எனக்கு ஒன்பது வயதான வருடம் தை மாதம் அவளுக்குக் கல்யாணமாகி, சென்னிமலைக்குப் போய்விட்டாள். மாமாவின் குடும்பத்தில் பெட்ஷீட் நெய்து விற்கிற தொழில்.

கல்யாணத்துக்கு வந்த ஆட்களெல்லாம் போன பிறகு வீட்டில் நானும் அப்பாவும் லேத் சத்தமும்தான் மிஞ்சினோம். பெரியம்மா வந்து தலை பின்னிவிடுவாள். அவள் இழுத்துப் பின்னுகிற வேகத்தில் புருவம் மேலே ஏறிக்கொள்ளும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அத்தை விட்டுவிட்டுப் போன பழைய சேலை ஒன்றை பீரோவிலிருந்து எடுப்பேன். மடிப்பேன், பிரிப்பேன், மறுபடி மடிப்பேன். இரவில் அதைக் கட்டிக்கொண்டு தூங்குவேன். தனியாக இருக்கிறது என்று சொல்ல அப்போது தெரியாது. வயிறு வலிக்கிறது என்று சொல்வேன். அப்பா கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் ஓமத் தண்ணீர் வாங்கி வருவார். அந்த இரண்டு மாதத்தில் நான் குடித்த ஓமத் தண்ணீருக்கு ஒரு குடம் போதாது. பாவம், அவருக்கும் வேறென்ன தெரியும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புது மாப்பிள்ளையை முதல் பங்குனியில் வெள்ளியங்கிரிக்குக் கூட்டிப்போவார்கள். ஆறாவது மலையில் உள்ள ஆண்டி சுனையில் குளித்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து வந்து அவர் தன் கையால் மனைவிக்குக் கொடுக்க வேண்டும். வயதுக்கு வந்த பெண்கள் அந்த மலை ஏறக்கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. அது நியாயமா என்று இப்போது சண்டை போடலாம். அப்போது எங்கள் வீட்டில் யாரும் போடவில்லை. எனக்கு ஒன்பது வயது என்பதால் இன்னும் அனுமதி இருந்தது. "இன்னொரு வருசம், மிஞ்சிப்போனா ரெண்டு. அதுக்கப்பறம் உனக்கும் மலை இல்லே கண்ணு" என்று பெரியப்பா சொல்லி, என்னையும் சேர்த்துக்கொண்டார்.

மாமாவும் அத்தையும் சென்னிமலையிலிருந்து முந்தின நாள் வந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் நான் தூங்கிவிட்டேன். மலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அத்தை என்னை எழுப்பித் தலை பின்னிவிட்டாள். எப்போதும் போலத் தளர்வாக, காதுக்கு மேலே கொஞ்சம் முடி தொங்க விட்டு. என் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் பாட்டிலை, சிவப்பு மூடி போட்டது, தோளில் மாட்டிவிட்டாள். "மாமாவுக்குப் புது வழி. நீதான் போய்ப் பழகுனவ. கூடவே இருந்து கூட்டிட்டுப் போயிட்டு வா" என்றாள். எனக்கு அழுகையாக வந்தது. என்னிடம் பேசக் கிடைத்த கால் மணி நேரத்திலும் அவள் அவரைப் பற்றித்தான் பேசினாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாமாவை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அத்தையைக் கூட்டிப் போய்விட்டார், அவ்வளவுதான்.

வாடகை வேனில் போய் அடிவாரத்தில் இறங்கினோம். பெரியப்பா, அப்பா, பட்டறை ஆட்கள் இரண்டு பேர், மாமா, நான். ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கினார்கள். விடிகிறதற்கு முன்னால் ஏறத் தொடங்கினோம். முதல் மலை முழுக்கப் படி. கல்லைத் தூக்கிப் போட்டது போல ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். பெரியப்பா ஐம்பதைத் தாண்டியவர், ஆனால் ஆட்டுக்கால் அவருக்கு. பட்டறை ஆட்களை அழைத்துக்கொண்டு முன்னால் போய்விடுவார். அப்பா நடுவில். கடைசியில் நானும் மாமாவும்.

வழி தெரிந்தவள் என்ற திமிரில் நான் வேண்டுமென்றே வேகமாக நடந்தேன். மாமா மூச்சு வாங்க வேண்டும், தோற்றுப்போக வேண்டும் என்பது என் எண்ணம். அவர் என்னடா என்றால், ஒன்பது வயதுப் பெண்ணிடம் வரிக்கு வரி 'ங்க' போட்டுப் பேசினார்.

"அம்மணி, இன்னும் படி நெறைய இருக்குதுங்களா?"

"எவ்வளவு தூரம்னு கேக்கக்கூடாது. பெரியப்பா வைவாரு."

"அப்டீங்களா. செரிங்க, கேக்கலீங்க" என்று சிரித்தார்.

தண்ணீரை மடக்கு மடக்கென்று குடிக்கக்கூடாது, நனைத்துக்கொண்டால் போதும் என்றேன். அச்சு வெல்லத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்றேன். தடியை முன்னால் ஊன்ற வேண்டும், பக்கத்தில் ஊன்றினால் வழுக்கும் என்றேன். எல்லாவற்றையும் சொன்னபடியே செய்தார். நான் சொல்லி ஒரு பெரிய ஆள் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம்தான் ஒருவரைப் பிடிக்காமலே இருப்பது?

வெளிச்சம் வந்தபோது மரங்களுக்குள் இருந்தோம். பாதையில் யானைச் சாணம் காய்ந்து கிடந்தது. மாமா நின்று அதைத் தடியால் தொட்டுப் பார்த்தார். "நெசமாவே யானைங்களா?" என்றார். யானை என்றால் இந்த நேரத்துக்குக் கீழே இறங்கிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாததையெல்லாம் தெரிந்த மாதிரி சொன்னேன். தகரக் கொட்டகை போட்ட ஒரு கடையில் பெரியப்பா எல்லாருக்கும் சுக்குக் காப்பி வாங்கித் தந்தார். ஒவ்வொரு இடத்தில் உட்காரும்போதும் அவர் மாமாவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"ஏனுங் மாப்ள, போலாமுங்களா?"

"போலாமுங்க."

அவ்வளவுதான் பேச்சு. முடியுமா என்று கேட்டால் மாப்பிள்ளைக்கு மரியாதை இல்லை. முடியாது என்று சொன்னால் மாமனார் வீட்டுக்கு மரியாதை இல்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படிப்பட்டது. அதில் எத்தனை பேர் கை கால் ஒடிந்திருக்கிறார்களோ தெரியாது.

நடுவழியில் கைதட்டிச் சுனை வந்தது. கை தட்டினால் பாறையிடுக்கில் தண்ணீர் கூடுதலாகச் சுரக்கும் என்பார்கள். மற்றவர்கள் குடித்துவிட்டு முன்னால் போய்விட்டார்கள். நான் ஓடிப்போய்த் தட்டிவிட்டு, மாமாவும் தட்டட்டும் என்று திரும்பிப் பார்த்தேன். ஆள் இல்லை. ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் குனிந்து நின்றிருந்தார். மூச்சு விசில் மாதிரி கேட்டது. கையில் நீல நிறத்தில் சின்னதாக ஒரு மருந்துக் குழாய். அதை வாயில் வைத்து அழுத்தினார். புஸ்ஸென்றது. மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். மறுபடி ஒரு தடவை. கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கியது.

என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். பெரிய ஆள் ஒருவர் என்னைப் பார்த்துப் பயந்ததும் அதுதான் முதல் தடவை.

"சின்ன வயசுல இருந்தே இழுப்புங்க அம்மணி. இதை ரெண்டு தரம் அடிச்சா செரியாப் போயிரும். உங்க பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா வேற மாதிரி ஆயிருமுங்க. சொல்லமாட்டீங்கல்ல?"

அந்தக் காலத்தில் அந்த மருந்தைப் பற்றி நம் வீடுகளில் என்ன பேசினார்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாயில் வைத்து அடிக்கிற மருந்துக்கு வந்துவிட்டால் அது கடைசிக் கட்டம், இனி அந்த ஆள் பிழைக்கமாட்டான் என்பார்கள். வேற மாதிரி ஆகும் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒரு அக்காவை, மாப்பிள்ளைக்கு வலிப்பு இருந்ததை மறைத்துவிட்டார்கள் என்று சொல்லி, அவளுடைய அப்பா வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். அந்த அக்கா அதற்குப் பிறகு போகவே இல்லை.

"சொல்லமாட்டேன்" என்றேன்.

மேலே ஆண்டி சுனையில் குளிக்கும்போது சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டியில் இதை வைத்துக்கொள்ள முடியாது. அதனால் மருந்தை என் துணிப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவருடைய துண்டும் அந்தப் பையில்தான் இருந்தது. "குளிச்சுட்டு வந்து நான் துண்டு கேட்டனுன்னா, இதைத் துண்டுக்குள்ள வெச்சுக் குடுத்துருங்க. யாருக்கும் தெரியாது" என்றார். பிறகு சுனையைப் பார்த்து, "நீங்களே எனக்கும் சேர்த்துத் தட்டுங்க அம்மணி, எனக்கு அவ்வளவு மூச்சு இல்லீங்க" என்றார். நான் அவருக்கும் சேர்த்துத் தட்டினேன். தண்ணீர் கூடுதலாக வந்ததா என்று கேட்காதீர்கள். வந்தது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் ஏறிய மலைகள் எனக்கு லேசாக இருந்தன. ஒரு ரகசியத்தைச் சுமந்துகொண்டு நடக்கிற பெருமை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வயிறு வலிக்கவில்லை. மரமெல்லாம் முடிந்து புல் மட்டும் இருக்கிற உயரம் வந்தது. மேகம் காலடியில் போனது. ஓரிடத்தில் மண் திருநீறு மாதிரி வெள்ளையாக இருந்தது. மாமா ஒரு சிட்டிகை எடுத்து எனக்கு நெற்றியில் வைத்துவிட்டார். "உங்க அத்தை எந்நேரமும் உங்க பேச்சேதானுங்க. இந்நேரம் அவ சாப்பிட்டாளோ, யாரு தலை பின்னறாங்களோன்னு" என்றார். அவர் அதை எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். எனக்கு அப்படி இருக்கவில்லை. அங்கே அத்தை என்னை நினைத்துக்கொண்டிருக்கிறாள், ஆனாலும் வரமாட்டாள். அதுவரைக்கும் அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

ஆண்டி சுனைக்கு வந்தபோது உச்சி வெயில். வெயில்தான் பெயருக்கு, காற்று எலும்பில் குத்தியது. தண்ணீர் ஐஸ். பெரியப்பா இறங்கி மூன்று முழுக்குப் போட்டார்.

"ஏனுங் மாப்ள, குளிச்சுக்கலாமுங்களா?"

"குளிச்சுக்கலாமுங்க."

மாமா இறங்கினார். ஒரு முழுக்கு. இரண்டாவது முழுக்கில் எழுந்தபோது முகம் மாறியிருந்தது. கரையேறிப் பாறையில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். தோள் ஏறி ஏறி இறங்கியது. பெரியப்பாவும் அப்பாவும் முதுகைக் காட்டி நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா என்னைப் பார்த்தார்.

"அம்மணி... துண்டு."

பை என் மடியில் இருந்தது. துண்டு மேலே, மருந்து அடியில். சுற்றி எடுத்துக்கொண்டு பத்தடி நடந்து போய்க் கொடுக்க வேண்டியதுதான் வேலை. கை துண்டைப் பிடித்தும்விட்டது. அப்புறம் துண்டை விட்டுவிட்டு மருந்தை மட்டும் எடுத்தேன். எழுந்து நின்று, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு கத்தினேன்.

"மாமாவுக்கு இழுப்பு! இதுதான் அவரு மருந்து! காலையிலயே பாறைக்குப் பின்னால நின்னு அடிச்சாரு!"

பக்கத்துக் கூட்டமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அப்பா ஓடிவந்து மருந்தை வாங்கி மாமாவிடம் கொடுத்தார். அவர் அடித்துக்கொண்டார். அடங்க நேரமானது. அடங்கியதும் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

"செரிங்க அம்மணி" என்றார்.

பயத்தில் கத்தினேன் என்றுதான் முப்பது வருடமாகச் சொல்லிவருகிறேன், எனக்கு நானே. பயமும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் துண்டை விட்ட அந்த நொடியில் என் மனதில் இருந்தது மாமாவின் மூச்சு இல்லை. எங்கள் தெரு அக்கா, அவளுடைய அப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்து பூக் கட்டுகிற காட்சி.

ஏழாவது மலைக்குப் போகவில்லை. "மெதுவா வாங்க மாப்ள" என்று பெரியப்பா அவருக்கு முன்னால் நடந்தார். அவர் குரலில் மரியாதை கூடியிருந்தது, அதுதான் மோசம். கிளம்பும்போது மாமா என் பாட்டிலை வாங்கி, சுனையில் நிறைத்து, சிவப்பு மூடியை இறுக்கி, என் தோளிலேயே மாட்டிவிட்டார்.

"அத்தைகிட்ட நீங்களே குடுத்துருங்க. எனக்குக் குடுக்க வாய்க்குமோ என்னவோ."

வீட்டில் அத்தை அதை ஒரு சொம்பில் ஊற்றினாள். "யாரு புடிச்சது?" என்று கேட்டாள். மாமா என்றேன். நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள். மறுநாள் காலையில் பெரியப்பா, "தங்கச்சி பத்து நாள் இங்க இருக்கட்டுமுங்க. நீங்க மொதல்ல ஒடம்பப் பாத்துக்குங்க" என்றார். மாமா, "செரிங்க" என்றார். தடியை எங்கள் வீட்டுச் சுவரில் சாத்திவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். பெரியம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். நல்ல வேளை, கொழந்தை வாயில கடவுளே வந்து சொல்லிப்போட்டாரு என்றாள்.

ஒரு மாதம் கழித்து மாமா வந்தார். அப்பா வாசலுக்கே போய் "வாங்க, வாங்க" என்றார். காப்பி கொடுத்தார்கள். நூல் விலை பேசினார்கள். மழை இந்த வருடம் எப்படி என்று பேசினார்கள். பெட்ஷீட்டுக்குக் கேரளத்தில் கிராக்கி எப்படி என்று பெரியப்பா கேட்டார். அத்தை உள் அறையில் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நல்ல சேலை கட்டி, கையில் பையோடு. பையில் துணியெல்லாம் அடுக்கியாகிவிட்டது. "அனுப்பி வையுங்க" என்று மாமா ஒரு வார்த்தை கேட்டால் கிளம்பிவிடுவாள். "கூட்டிட்டுப் போங்க" என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னாலும் கிளம்பிவிடுவாள். அவர்களாகச் சொல்லட்டும் என்று மாமா காத்திருந்தார். அவராகக் கேட்கட்டும் என்று இவர்கள் காத்திருந்தார்கள். இரண்டாவது காப்பியும் ஆறிப்போனது.

"அப்ப, நான் வாரனுங்க" என்று மாமா எழுந்தார்.

"செரிங்க, பாத்துப் போய்ட்டு வாங்க" என்றார் அப்பா.

நான் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அத்தை பையோடு நிற்கிறாள் என்று சொல்ல எனக்கு மட்டும்தான் முடிந்திருக்கும். மலையில் அத்தனை பேர் முன்னால் கத்தியவள், வீட்டுக்குள் வாயைத் திறக்கவில்லை. அத்தை பையைப் பிரித்து ஒவ்வொரு துணியாகப் பீரோவில் வைத்தாள். அன்றைக்கு ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். நான் ஆசைப்பட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. அவள் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

பத்து நாள் முப்பது வருடமானது. ஏதோ ஒரு வருடம் மாமா வீட்டிலிருந்து அவளுடைய பாத்திரங்களை அனுப்பிவைத்தார்கள். "அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அனுப்பியிருப்பமே" என்று அப்பா தன் கடைசிக் காலத்தில் புலம்பினார். மாமாவின் மூங்கில் தடி ரொம்ப நாள் துணி காயப்போடும் கொடிக்கம்பிக்கு முட்டுக் கொடுத்து நின்றது. பட்டறையை விற்று வீட்டைக் காலி செய்தபோது எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்குக் கல்யாணமாகிக் கிணத்துக்கடவுக்கு வந்த பிறகு, அப்பாவும் போனபின், அத்தையை என்னோடு கூட்டிவந்துவிட்டேன்.

போன வருடம் மாமா இறந்துபோன செய்தி வந்தது. இழுப்பால் இல்லை. தினமும் காலையில் சென்னிமலைப் படிக்கட்டு ஏறி இறங்குகிற மனிதராக இருந்தாராம். வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அத்தை தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்பது?

இந்த மாதம் என் மகளைப் பள்ளிக்கூடத்தில் வால்பாறைப் பக்கம் மலையேறக் கூட்டிப்போனார்கள். அவளுக்கும் இழுப்பு உண்டு. அவள் வகுப்பில் இன்னும் நாலு பிள்ளைகள் அந்த மருந்தைப் பென்சில் மாதிரி பையில் வைத்திருக்கிறார்கள். கிளம்புகிற காலையில் நான் பை அடுக்கிக்கொண்டிருந்தேன். மருந்து அடிபடாமல் இருக்கட்டும் என்று துண்டில் சுற்றி உள்ளே வைத்தேன்.

அத்தை வந்து பையை என் கையிலிருந்து வாங்கினாள். துண்டைப் பிரித்தாள். மருந்தை எடுத்து, வெளியில் தெரிகிற வலைப்பையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"துண்டுல சுத்தாதே கண்ணு. எல்லார்த்துக்கும் தெரியற மாதிரி இருக்கட்டும்."

"இல்லே அத்தை, அடிபட்டுப் போயிரும்னுதான்..."

"அவரு கல்யாணத்துக்கு முன்னாலயே எங்கிட்டச் சொல்லிப்போட்டாரு. உங்க ஊட்லயும் சொல்லிர்றேன்னாரு. நாந்தான் வேண்டாம்னேன். துண்டுல வெச்சுக் குடுக்கற யோசனையும் நாஞ்சொன்னதுதான்."

"அப்ப, அவரு துண்டு கேட்டது..."

"மலையில இருந்து வந்த அன்னைக்கே எல்லாத்தையும் சொன்னாரு. கொழந்தை பயந்துக்கிச்சுன்னாரு." துண்டை உதறி மடித்தாள். "பயம் இல்லேன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா என்னை ஒரு வார்த்தை கேக்கலே?"

"என்னத்தக் கேக்கறது. மொதநாள் வந்து பாக்கறேன், என்னோட பழைய சேலையக் கட்டிப் புடிச்சுட்டுத் தூங்கிட்டுக் கெடக்கறே. அதப் பாத்ததுக்கப்பறம் உன்னைய என்னன்னு கேக்கறது?"

மகள் பையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். பஸ் போகிற சத்தம் கேட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்று அழுதேன். அத்தை என்னைத் தேற்றவில்லை. அலமாரியிலிருந்து சீப்பை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தலையெல்லாம் பறக்குது. வா, பின்னி உடறேன்" என்றாள்.

தரையில் உட்கார முழங்கால் இடம் கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.